அடுப்படியை இடிக்கும் முன்பு அளந்து பாருங்கள்!

"சமையலறையைப் புதுசாகக் கட்டலாமா?"

இந்தக் கேள்வி இன்று தமிழ்நாட்டில் பல வீடுகளில் எழுகிறது. பட்டணத்து மாடி வீட்டிலும் எழுகிறது. கிராமத்து ஓட்டு வீட்டிலும் எழுகிறது.

பையனுக்குக் கல்யாணம் நிச்சயமானால் சமையலறையை மாற்றுகிறார்கள். மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்றால் மாற்றுகிறார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்து, "இதையும் சேர்த்துச் செய்துவிடுவோமே" என்று கடப்பாரையைக் கையில் எடுப்பவர்களும் உண்டு.

கடைவீதிக்குப் போனால் "மாடுலர் கிச்சன்" என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சமையலறை பளபளக்கிறது. முகம் பார்க்கும் கதவுகள். சத்தமில்லாமல் மூடும் இழுப்பறைகள். எங்கும் ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

எப்படி இருக்கும்? அங்கே யாரும் சமைப்பதில்லையே!

வீட்டுச் சமையலறை அப்படியல்ல. அது ஒரு தொழிற்சாலை. காலையில் காப்பி, பிறகு இட்லி, சட்னி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு டப்பா, மத்தியானம் குழம்பு, பொரியல், ராத்திரிக்குப் பலகாரம். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லாத தொழிற்சாலை அது.

தொழிற்சாலை கட்டுகிறவர் முதலில் என்ன பார்ப்பார்? வேலை செய்பவர் எங்கே நிற்பார், காற்று எப்படி வரும், தண்ணீர் எப்படிப் போகும் என்று பார்ப்பார். சுவருக்கு என்ன வர்ணம் என்பது கடைசி யோசனை.

வீட்டில் மட்டும் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் கதவின் வர்ணம். கடைசியில்தான் காற்றும் தண்ணீரும். அதனால் என்ன ஆகிறது? பணம் போகிறது. இடுப்பு வலி மட்டும் போவதில்லை!

அடுப்பு மாறியது, அடுப்படி மாறவில்லை

இப்போது ஏன் எல்லோரும் சமையலறையை இடிக்கிறார்கள்? ஆடம்பரம் ஒன்றே காரணமல்ல.

பழைய வீடுகளின் சமையலறை விறகு அடுப்புக்காகக் கட்டப்பட்டது. பெண்கள் தரையில் உட்கார்ந்து சமைத்தார்கள். அரிவாள்மணை தரையில். அம்மி தரையில். ஆட்டுக்கல் தரையில். மேலே புகைபோக்கி. ஒரு மூலையில் விறகு.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. அடுப்பு மேடை மேல் ஏறியது. 2006-க்குப் பிறகு தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2011-ல் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்தது. 2016-ல் மத்திய அரசு உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி நாடு முழுவதும் 10 கோடிக்கு மேல் கேஸ் இணைப்புகள் கொடுக்கப்பட்டன.

கருவிகள் வந்து சேர்ந்தன. ஆனால் அறை பழைய அறையாகவே இருந்தது. ஒரே ஒரு பிளக். அதில் மிக்சியைச் செருகினால் கிரைண்டரைப் பிடுங்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குக் கூடத்தில் இடம். கிரைண்டருக்கு வாசற்படி ஓரம் இடம். தண்ணீர் கேனுக்கு நடைபாதையில் இடம். மாவு அரைக்கும் அம்மா கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்.

புதிதாகக் கட்டும் சிறு வீடுகளுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. 2024-ல் தமிழக அரசு "கலைஞரின் கனவு இல்லம்" திட்டத்தைத் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 3½ லட்சம் ரூபாய் உதவி. வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அவ்வளவு சிறிய வீட்டில் சமையலறைக்கு ஒதுக்கும் ஒவ்வொரு அடியையும் யோசித்துத்தான் ஒதுக்க வேண்டும்.

ஆகவே, மாற்றுவது தவறல்ல. எதற்காக மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றுவதுதான் தவறு.

289 நிமிஷம்!

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டு எழுதினார்கள்.

வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிஷம். அதாவது ஏறத்தாழ 5 மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு 88 நிமிஷம். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது.

இந்த 5 மணி நேரமும் சமையல் மட்டுமல்ல. பெருக்குவது, துவைப்பது எல்லாம் அதில் சேர்ந்தவை. ஆனாலும் சமையலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு நாளைக்கு 10 நிமிஷ வீண் நடை மிச்சமானால், ஒரு வருடத்தில் 3,650 நிமிஷம் மிச்சம். அது 60 மணி நேரத்துக்கும் அதிகம். சமையலறைத் திட்டத்தில் உண்மையான லாபம் இதுதான். விருந்தாளி வந்து "பிரமாதம்!" என்று சொல்வது லாபமல்ல.

ஜெர்மனியில் ஒரு பெண் செய்த வேலை

நேரத்தை அளந்து சமையலறை கட்டும் யோசனை புதிதல்ல. அதற்கு 100 வயது ஆகிறது.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. பிராங்க்பர்ட் நகரசபை தொழிலாளர்களுக்காக ஆயிரக்கணக்கில் சிறு வீடுகளைக் கட்டியது. அந்த வீடுகளுக்குச் சமையலறை திட்டமிடும் பொறுப்பு 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்ணிடம் வந்தது. அவர் கட்டடக்கலை படித்தவர்.

அவர் என்ன செய்தார்? ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நேரம் ஆகிறது, எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். ரயில் வண்டியின் சாப்பாட்டுப் பெட்டியில் எத்தனை சிறிய இடத்தில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்பதையும் பார்த்தார். பிறகு ஏறக்குறைய 6 அடி அகலமும் 11 அடி நீளமும் உள்ள சமையலறையை அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது கட்டப்பட்டது. இன்று உலகம் முழுவதும் விற்கும் "மாடுலர் கிச்சன்" இதன் பேரப்பிள்ளை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதைத் திட்டமிடும் வரை தாம் சமைத்ததே இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். சமைக்கத் தெரியாதவர்கூட நல்ல சமையலறை அமைக்கலாம். ஆனால் அளந்து பார்க்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

அந்தச் சமையலறைக்கு ஒரு குறையும் உண்டு. அதில் ஒருவர்தான் நிற்க முடியும். இன்னொருவர் உதவிக்கு வர இடமில்லை. வேலை சுலபமானது, ஆனால் பெண் தனியாகிவிட்டாள். 289 நிமிஷமும் 88 நிமிஷமும் கொஞ்சமாவது சமமாக வேண்டும் என்றால், சமையலறையில் இரண்டு பேர் நிற்க இடம் வேண்டும். இடம் வைத்துவிட்டால், "உள்ளே நெரிசல்" என்று சொல்லிக் கணவர் தப்பிக்க முடியாது!

முதல் செலவு: ஒரு நோட்டும் பென்சிலும்

கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்பு ஒரு வாரம் பொறுங்கள். ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்:

1. தினமும் யார் சமைக்கிறார்? அவருடைய உயரம் என்ன? முழங்கால் வலி, இடுப்பு வலி உண்டா?

2. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே நிற்கிறார்கள்?

3. தினமும் எடுக்கும் பாத்திரங்கள் எவை? வாரத்துக்கு ஒரு முறை எடுப்பவை எவை? வருடத்துக்கு ஒரு முறை எடுப்பவை எவை?

4. மின்சாரத்தில் ஓடும் கருவிகள் எத்தனை? இரண்டை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டியிருக்கிறதா?

5. குடிதண்ணீர் எப்படி வருகிறது? குழாயா, குடமா, கேனா?

6. இப்போதுள்ள அடுப்படியில் தினமும் எரிச்சல் தருவது எது?

ஆறாவது கேள்விதான் முக்கியமானது. அதைச் சமைப்பவரிடமே கேட்க வேண்டும். பல வீடுகளில் கல்லின் நிறம் முதல் குழாயின் கைப்பிடி வரை எல்லாவற்றையும் ஆண்களே முடிவு செய்கிறார்கள். அங்கே நிற்கப் போகிறவரை யாரும் கேட்பதில்லை.

அடுத்து, ஒரு படம் போடுங்கள். பொருள் இருக்கும் இடம், கழுவும் தொட்டி, அடுப்பு என்று மூன்று புள்ளிகளை வையுங்கள். கோடு போட்டு இணையுங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். சமைப்பவர் நாள் முழுவதும் நடப்பது இந்தக் கோடுகளின் மேல்தான்.

மூன்று கோடுகளையும் கூட்டினால் 26 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது இத்துறையில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. நம்முடைய சிறிய சமையலறைகளில் அது பாதிகூட வராது. ஆனால் குளிர்சாதனப் பெட்டி கூடத்தில் இருந்தால் கோடு நீண்டுவிடும். அப்போது சமையலறையை இடிக்க வேண்டியதில்லை. பெட்டியை இடம் மாற்றினாலே போதும்!

மேடை யார் உயரத்துக்கு?

மேடை உயரம் எவ்வளவு என்று கொத்தனாரைக் கேட்டால், "எப்போதும் போடுவதுதான்" என்பார். அது யாருக்கோ சரியான உயரம். உங்கள் வீட்டுக்கு அல்ல.

சமைப்பவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். அதைவிட 4 அங்குலம் தாழ்வாகக் காய் நறுக்கும் மேடை இருக்க வேண்டும். முழங்கை உயரம் 37 அங்குலம் என்றால் மேடை 33 அங்குலம்.

இங்கேதான் ஒரு தவறு நடக்கிறது. நம் கேஸ் அடுப்பு மேடைமேல் உட்காருகிறது. அதன் உயரம் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 33-உடன் 5 சேர்ந்தால் 38. அடுப்பின் வாயே முழங்கைக்கு மேலே போய்விட்டது. அதன்மேல் குழம்புச் சட்டி. சமைப்பவர் தோளைத் தூக்கிக்கொண்டு கிளறுகிறார். ராத்திரி தைலம் தடவிக்கொள்கிறார்.

வழி என்ன? அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 4 அல்லது 5 அங்குலம் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். கட்டும்போதே சொன்னால் செலவு அதிகமாகாது. கட்டிய பிறகு சொன்னால் கல்லை உடைக்க வேண்டும்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு எதிர்க் கணக்கு. தொட்டிக்குள் கை கீழே போகிறது. ஆகவே அதன் விளிம்பு சற்று உயரமாக இருக்கலாம்.

மாமியார் குள்ளம், மருமகள் உயரம் என்றால்? அதிக நேரம் நிற்பவருக்காக மேடையைக் கட்டுங்கள். மருமகளே அதிகம் நிற்கிறார் என்றால், மாமியாருக்கு நின்றுகொள்ள ஆடாத ஒரு மரப்பலகை போதும். மேடையும் சரியாகும், சண்டையும் வராது!

கிரைண்டரை மேடைமேல் வைக்காதீர்கள். கல்லோடு சேர்த்துப் பத்து, பதினைந்து கிலோ இருக்கும். மாவு வழிக்கக் குனிய வேண்டாத உயரத்தில், தனியாக ஒரு தாழ்ந்த மேடை போடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ கனம். அதற்கும் தாழ்ந்த மேடைதான். கனமானது எதுவும் தலைக்கு மேலே போகக் கூடாது.

எதிரெதிராக இரண்டு மேடை போட்டால் நடுவில் ஒருவர் நிற்க 3 அடி வேண்டும். இருவர் உரசாமல் போக 4 அடி வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மூன்று

காற்று, மின்சாரம், தண்ணீர். இந்த மூன்றும் கண்ணில் படாது. அதனால்தான் பலரும் இவற்றில் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து வருவது இந்த மூன்றினால்தான்.

காற்று: வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையினால் 2020-ல் உலகில் 32 லட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பெரும்பாலும் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் எரிப்பதால் வந்த கேடு அது. கேஸ் அடுப்பில் அந்தப் புகை இல்லை. ஆனாலும் எண்ணெய் காயும் ஆவியும் தாளிக்கும் நெடியும் வெளியேறியாக வேண்டும். அடுப்புக்கு அருகே, சுவரின் உயரத்தில், காற்றை வெளியே தள்ளும் விசிறி வையுங்கள். எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர வழி வையுங்கள். மின்சாரப் புகைபோக்கி வாங்கினால், அதன் குழாய் வீட்டுக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள். குழாய் இல்லாதது காற்றை வடிகட்டி மறுபடியும் அறைக்குள்ளேயே விடும். வெப்பமும் ஈரமும் போகாது.

கேஸ் சிலிண்டர் விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அழகுக்காகச் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் ஒளித்துவைக்கிறார்கள். கதவில் கீழேயும் மேலேயும் துளை இல்லாவிட்டால் அது ஆபத்து. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். குழாயைக் கண்ணால் பார்க்கும்படி வைத்தால்தானே வெடிப்பு தெரியும்!

மின்சாரம்: நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் கேஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கேயும் சுமை ஏறும். அதனால் பலரும் மின்சார இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் 2,000 வாட் அடுப்பு சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கு ஏற்ற கம்பியும் வேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் இடம் சமையலறை. ஆகவே எர்த் சரியாக இருக்க வேண்டும். மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. கருவியும் வேண்டும்.

தண்ணீர்: கழுவும் தொட்டியைப் பழைய இடத்திலிருந்து தள்ளி வைத்தால், குழாயும் சாக்கடையும் கூடவே நகர வேண்டும். தரையை உடைக்க வேண்டும். செலவு ஏறும். தக்க காரணம் இல்லாமல் தொட்டியை நகர்த்தாதீர்கள். தரைக்கு வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம். எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் அது சறுக்கு மரம்!

கல்லுக்குப் பின்னால் ஒரு கதை

மேடைக்கு என்ன கல் போடுவது? இந்தக் கேள்விக்குள் ஓர் உலகச் செய்தி இருக்கிறது.

"குவார்ட்ஸ்" என்று ஒரு செயற்கைக் கல் விற்கிறார்கள். கல் பொடியைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது. அதில் சிலிக்கா என்ற பொருள் 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம். அறுக்கும்போது எழும் தூசி தொழிலாளியின் நுரையீரலில் போய்த் தங்குகிறது. சிலிக்கோசிஸ் என்ற நோய் வருகிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை.

ஆஸ்திரேலியாவில் இளவயதுத் தொழிலாளர்கள் பலர் இதனால் பாதிக்கப்பட்டார்கள். அந்த நாட்டு அரசு 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லுக்குத் தடை விதித்தது. இப்படித் தடை விதித்த முதல் நாடு அதுதான்.

பதித்து முடித்த கல்லால் வீட்டாருக்குத் தீங்கு இல்லை. தீங்கு அறுப்பவருக்கு. கிரானைட்டில் சிலிக்கா குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. ஆகவே எந்தக் கல்லானாலும், தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் காய்ந்த கல்லை அறுக்க விடாதீர்கள். அறுப்பவருக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. நம் வீட்டு மேடை இன்னொரு வீட்டு விளக்கை அணைக்க வேண்டாம்.

அலமாரி: கதவு கடைசியில்!

மொத்தச் செலவை மளமளவென்று ஏற்றுவது அலமாரிக் கதவுதான்.

நம் வீடுகளில் அடுப்படியைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் உப்பிவிடும். கரையானுக்கும் அது விருந்து. மரப்பலகைதான் வேண்டும் என்றால், கொதிநீரையும் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ஒட்டுப்பலகையைக் கேளுங்கள்.

பணம் குறைவா? கடப்பைக்கல் தட்டுகள் போடுங்கள். கரையான் அரிக்காது. ஈரம் உப்பாது. கதவு இப்போது வேண்டாம். பின்னால் பணம் வரும்போது அலுமினியச் சட்டத்தில் கதவு மாட்டிக்கொள்ளலாம்.

தினமும் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். வாரம் ஒரு முறை எடுப்பவை கீழ்த்தட்டில். பொங்கல் பானையும் கல்யாண அண்டாவும் பரணில். இந்த முறையை இன்றைக்கே செய்து பார்க்கலாம். காசு செலவில்லை.

பணம் எங்கே போக வேண்டும்?

1 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூலியும் விலையும் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பங்கு பிரிக்கும் முறைக்கு இது ஓர் உதாரணம்:

சாக்கடை, குழாய், தொட்டி: 20,000 ரூபாய்.

மின்சாரக் கம்பி, பிளக்: 12,000 ரூபாய்.

ஜன்னல், காற்று விசிறி: 10,000 ரூபாய்.

மேடையும் கல்லும்: 23,000 ரூபாய்.

தரை, சுவர் டைல்ஸ்: 15,000 ரூபாய்.

கதவில்லாத தட்டுகள்: 10,000 ரூபாய்.

எதிர்பாராத செலவு: 10,000 ரூபாய்.

வேலையும் இதே வரிசையில் நடக்கட்டும். பணம் நடுவில் தீர்ந்தாலும், முடிந்த வேலையை மறுபடி உடைக்க வேண்டியிராது. கதவை முதலில் மாட்டிவிட்டுக் கம்பியைக் கடைசியில் இழுத்தால், செய்ததை உடைத்துத்தான் செய்ய வேண்டும். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் அந்தக் கடைசி 10,000 ரூபாய்.

அளவிலும் கவனம் வேண்டும். "ட" வடிவத்தில் ஒரு மேடை. ஒரு பக்கம் 8 அடி, மறு பக்கம் 6 அடி, அகலம் 2 அடி. எட்டையும் ஆறையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் 28 சதுர அடி வரும். ஆனால் மூலையை இரண்டு முறை எண்ணிவிட்டோம்! உண்மையில் கல் 24 சதுர அடிதான். 4 சதுர அடிக் காசு யாருக்கு? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி சேர்க்காத விலை 300 ரூபாய் என்றால், மூட்டைக்கு 30 ரூபாய் குறைய வேண்டும். பில் கேட்டு வாங்கினால்தான் குறைந்ததா என்று தெரியும்.

கடனுக்குச் செய்து தருகிறோம் என்பார்கள். 2 லட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 14 சதவீத வட்டி, 3 வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 6,835 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் வட்டி மட்டும் சுமார் 46,000 ரூபாய். மேலே சொன்ன கணக்கில் சாக்கடைக்கும் மின்சாரத்துக்கும் ஜன்னலுக்கும் ஒதுக்கிய பணத்தை எல்லாம் கூட்டினாலும் 42,000 ரூபாய்தான்! பளபளப்புக்காக வாங்கிய கடனின் வட்டி, உயிரைக் காக்கும் வேலைகளையே விழுங்கிவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

சொந்த வீடு இல்லாதவர்கள் சுவரை இடிக்க முடியாது. அவர்களுக்கும் வழி உண்டு.

மேடை உயரமாக இருந்தால் நிற்கப் பலகை போடலாம். அடுப்பைத் தனி இரும்பு மேஜையில் தாழ்வாக வைக்கலாம். கழற்றி எடுத்துப்போகக் கூடிய இரும்புத் தட்டு வாங்கலாம். இருட்டாக இருந்தால், நறுக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு விளக்கு போடலாம். முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிந்தால் நிழல் கத்தியின்மேல் விழும். விரல் வெட்டுப்படும்.

மின்சாரக் கம்பி பழுதாக இருந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டாம். அது வீட்டுக்காரர் செய்து தர வேண்டிய வேலை. தயங்காமல் கேளுங்கள்.

யாருக்காக?

சமையலறையை வாங்கும்போது குடும்பம் முழுவதும் கடைக்குப் போகிறது. உபயோகிக்கும்போது பெரும்பாலும் ஒருவர்தான் உள்ளே நிற்கிறார். இந்த வித்தியாசம்தான் எல்லாத் தவறுக்கும் காரணம்.

கடைக்காரர் விற்பது கதவை. அதைக் குற்றம் சொல்ல முடியாது. அது அவர் தொழில். ஆனால் வீட்டுக்கு வேண்டியது காற்று, வெளிச்சம், வடியும் தண்ணீர், உடம்புக்கு ஏற்ற உயரம். இவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்ட முடியாது. வீட்டிலேயே அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அளக்கும் நாடாவின் விலை மிகக் குறைவு. முதலில் அதை வாங்குங்கள். ஒரு முனையைத் தரையில் வையுங்கள். மறு முனையைச் சமைப்பவரின் முழங்கையில் வையுங்கள்.

புதுச் சமையலறை அங்கேதான் ஆரம்பமாகிறது.